பச்சைக் கொடிக்கம்பி

"டார்ச்சைக் கொஞ்சம் பின்சக்கரம் பக்கம் காட்டுங்கம்மா," என்று வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக் சொன்னான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன்.

இந்த ஒர்க்‌ஷாப்பைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமனார் காலத்துக் கார். விபத்துக்குப் பிறகு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கல்யாணத்தன்று அதில்தான் வந்து இறங்குவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் அலைந்து திரிந்து இடம் விசாரித்துக்கொண்டு வருவேன், இவர் தட்டிக்கழிப்பார். "அவனா? அவன் பெயின்ட் அடிக்கிறவன். ஸ்பிரிங் பட்டையைப் பத்தி என்ன தெரியும்?" என்பார். இன்னொருவன் பழைய சாமானைக் கழற்றி விற்றுவிடுவானாம். "மாப்பிள்ளை பாத்ததே லேசு போலிருக்கே," என்று கேலி செய்தேன். வண்டிமேல் இத்தனை பாசமா என்று உள்ளுக்குள் உருகவும் செய்தேன், பாருங்கள்.

கடைசியில் லாரிகளுக்குப் பட்டை மாற்றும் இந்த இடம் கிடைத்தது. இவர் வெளியே போன நேரம் பார்த்து, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"சக்கரத்துக்கு மேல வண்டியைத் தாங்குற ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சிருக்கும்மா."

"ஆமாப்பா. என் கொழுந்தன் ஓட்டிட்டுப் போய்ப் பாலத்துச் சுவர்ல மோதிட்டான்."

"அதுக்கப்புறம் வண்டி ஓடுச்சா?"

"கொட்டகையை விட்டு நகரவே இல்லை."

"அப்போ இது முன்னாடியே ஒடஞ்சதும்மா. ஒடஞ்சதைக் கம்பியால கட்டியில்ல வச்சிருக்காங்க! இப்படி ஓட்டினா வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ!"

வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். பச்சைக் கம்பி. அதில் சிவப்புப் பொட்டுகள்.

மாடியில் எதிர்வீட்டுக்காரி என் கொடியில் துணி போட்டுவிடுகிறாள் என்று, அடையாளத்துக்கு நானே நெயில் பாலிஷ் வைத்த கம்பி. பாதியைக் காணோமென்று அவளோடு மல்லுக்கு நின்றேனே, அதே கம்பி.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொழுந்தன் அரைக்கால்சட்டைப் பையன். ஆஸ்பத்திரியில் நசுங்கிய காலோடு, "வண்டி தானா இழுத்துச்சு அண்ணி," என்று அழுதான். "குடிச்சுட்டு ஓட்டிட்டு வண்டிமேல பழி போடுறான்," என்று இவர் ஊரெல்லாம் சொன்னார். அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. கல்யாணத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிடலாமா என்று மகள் கேட்டதற்குக்கூட, "அவன் படியேறினா நான் எறங்கிடுவேன்," என்றார்.

வாசலில் ஆட்டோ நின்றது. இவர்தான். கொட்டகை காலியாகக் கிடந்ததைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருப்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இங்க கொண்டாந்தே?"

நான் டார்ச்சை அசைக்கவில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தைப் பார்த்தார். அங்கே கிடந்த டயர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாள் தாங்கும்னு நெனச்சேன்," என்றார். "மறுநாள் மாத்திடலாம்னு..."

மெக்கானிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கம்பியை வெட்டிடவாம்மா?"

"வேணாம்ப்பா. அப்படியே இருக்கட்டும். ஒருத்தன் வந்து பாக்கணும்."

மகள் இவருக்குத் தெரியாமல் என் போனில் பதிந்து வைத்திருந்த அவள் சித்தப்பாவின் எண்ணை அழுத்தினேன். தடுக்கத்தான் இவர் கையை நீட்டினார். அது பாதியிலேயே நின்றது.

போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்; போனுக்குள் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் நெருங்கி வந்து நின்றது.

"அண்ணியா?"

"நீ சொன்னது நிஜம்தாம்ப்பா. வண்டி தானாத்தான் இழுத்திருக்கு," என்றேன். மறு கையில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்கு அடியில் சிவப்புப் பொட்டுகள் பளிச்சென்று தெரிந்தன.