கட்டம் சேர்ந்த சோபா

மாலை நேரத் தையல் வகுப்பில் பிளஸ்ஸி டீச்சர் சொல்லித் தந்ததில் எனக்கு உருப்படியாக வந்தது ஒன்றுதான்: கட்டம் போட்ட துணியை மூட்டும்போது கட்டம் கட்டத்தோடு சேர வேண்டும். அதுவும் நிஜமாகவே வந்துவிட்டதா என்று சந்தேகம். அதனால்தான் வீட்டுச் சோபாவில் கை வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பனவடலிசத்திரத்திலிருந்து போன மாதம் வந்த துரைப்பாண்டி மாமாவின் வேட்டியைச் சோபாவின் ஸ்பிரிங் கிழித்துவிட்டது. "வர்ற ஞாயித்துக்கெழம எங்க அண்ணன் இதுல உக்காரலன்னா, பழைய இரும்புக்காரன்ட்ட தூக்கிக் குடுத்துருவேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அப்பாவுக்கு மில்லில் இரவுக் காவல். பகலில் அந்தச் சோபாவில்தான் தூங்குவார். கட்டிலில் படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். "மக்கா, எப்படியாவது காப்பாத்திரு" என்றார்.

திங்கள்: பழைய ரெக்சினைப் பிரித்தேன். உள்ளே ஒரு சீப்பு, மூன்று பேனா மூடிகள், ஆறாம் வகுப்பில் நான் தொலைத்த கவராயம், கூர்முனை மேலே பார்த்தபடி. வேட்டியைக் கிழித்தது ஸ்பிரிங்தானா என்று யோசனை வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

செவ்வாய்: மூன்று முறை அளந்தேன். மூன்று அளவுகள் வந்தன. பெரியதை வைத்துக்கொண்டேன்.

புதன்: வகுப்புத் தோழி ஷஹீரா, கடையநல்லூரில் சொந்தக்காரர் தறியிலிருந்து கைலித் துணி கொண்டுவந்தாள். பச்சையும் நீலமுமாகக் கட்டம். நெசவில் பிசகு விழுந்ததால் மலிவு.

வியாழனும் வெள்ளியும் தேங்காய் நார், பழைய தலையணைப் பஞ்சு, மேலே சாக்கு என்று அடைத்தேன். சனிக்கிழமை துணியை இழுத்துப் பொடி ஆணி அடித்தேன். கட்டங்கள் சேர்ந்திருந்தன. நம்பிக்கையில்லாமல் ஸ்கேல் வைத்தும் பார்த்தேன். சேர்ந்துதான் இருந்தன. மிச்சத் துணியை வீணாக்காமல் மூட்டி அப்பாவுக்கு ஒரு கைலி தைத்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கரண்ட் இல்லை. அறை இருட்டு. அப்பா புதுக் கைலியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு வருவதற்குள், வெயிலில் கண் கூசி உள்ளே வந்த மாமா சோபாவின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

சோபா "ம்ம்ம்" என்றது.

"ஏட்டி செல்வி, என்ன உள்ள மொனங்குது?"

"புது ஸ்பிரிங் மாமா. பழகுறதுக்குக் கொஞ்ச நாளாகும்."

மாமாவின் முதுகுக்குப் பின்னால் கைலி விலகி அப்பாவின் ஒரு கண் தெரிந்தது. சொல்லாதே என்பதுபோல் அது மூடிக்கொண்டது.

அம்மா காப்பியோடு வந்தாள். "வாண்ணே. ஏட்டி, அப்பாவ எங்க? இங்கனதான படுத்திருந்தாக?"

சோபாவின் ஓரத்தில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், தினசரியை எடுத்துப் பாதங்களின் மேல் போட்டாள்.

"கடைக்குப் போயிருப்பாக. சோபா எப்படிண்ணே இருக்கு?"

"இப்படி மெத்துனு நான் எங்கயும் உக்காந்ததில்ல தாயி. லேசா வெதுவெதுன்னு வேற இருக்கு." மாமா ஒருமுறை எம்பி உட்கார்ந்து பார்த்தார். தினசரி நடுங்கியது. "இந்தச் சாமானப் போயா இரும்புக்காரன்ட்ட போடப் போற?"

"சே, சே. யாரு போடுவா?" என்றாள் அம்மா.

இரண்டு காப்பி குடிக்கும்வரை மாமா எழுந்திருக்கவில்லை. அவர் போன பிறகு அப்பாவை நாங்கள் இருவரும் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். கால் மரத்துப் போயிருந்தாலும் முகத்தில் சிரிப்பு. சோபா தப்பித்துவிட்டது.

மாமா தன் வீட்டுச் சோபாவையும் அடுத்த வாரம் அச்சு அசலாக இதேபோல் செய்துதரச் சொல்லியிருக்கிறார். நார், பஞ்சு, சாக்கு என்று பட்டியல் போட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். ஒன்றும் விடுபடவில்லை. இருந்தாலும் அந்த மெத்து வருமா என்று சந்தேகமாக இருந்ததால் அப்பாவைக் கேட்டேன்.

"நான் வரமாட்டேன்ட்டி" என்றார்.