சாணைக்கோடு

கைக்கு உறை மாட்டிக்கொண்டு கத்தியைத் தொடுகிறவனை அன்றுதான் பார்த்தேன். வெள்ளைத் துணிக் கையுறை. பிணத்தைத் தொடப் போகிறவன் மாதிரி. பீளமேட்டில் ஏழாவது மாடி வீடு, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, பெட்டி முழுக்கப் பட்டாளக் குத்துவாள்கள். ரவிதேஜா என்று பெயர். முப்பது வயதிருந்தால் அதிகம். பழைய கத்திகளுக்கு மதிப்புச் சொல்கிறவனாம். முப்பத்திரண்டு வருசம் மில் பட்டறையில் சாணை பிடித்தவன் நான். எனக்கு இவன் இரும்பைப் பற்றிச் சொல்லப் போகிறான்.

ரூத் எனக்குப் பக்கத்து வீடு. "ஏனுங்ணா, படிச்சவங்க ஏமாத்திப்போடுவாங்க, நீங்க கூட வாங்க" என்று கூட்டி வந்திருந்தாள். அவள் மாமனார் பர்மாச் சண்டையிலிருந்து கொண்டுவந்த கத்தி. மகள் ஜெனிஷாவை நர்சிங்கில் சேர்க்க அதை விற்றாக வேண்டும். புருசன் அந்தோணிராஜ் போய் நாலு வருசம்.

கத்தியைச் சுற்றியிருந்த துண்டை ரூத் பிரித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பளபளப்பு என் வேலை. ரூத்துக்கு அது தெரியாது. அந்த மெருகுக்குப் பாராட்டு இவன் வாயாலேயே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

லென்ஸை வைத்துப் பார்த்தான். "குறுக்குத் தண்டு வளைஞ்சிருக்குது பாருங்க. இப்படிக் கொஞ்ச நாள்தான் செஞ்சாங்க, அப்புறம் நேராக்கிட்டாங்க. கிடைக்கவே கிடைக்காதுங்க."

ரூத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அசையவில்லை. காங்கேயம் மாட்டுத் தரகனும் முதலில் தூக்கித்தான் விடுவான்.

"ஆனா அலகு போச்சுங்க. பிடிக்குக் கீழ செஞ்சவன் பேரு பொறிச்சிருக்கும். எவனோ ஒரு முட்டாள் சாணையில போட்டு வழிச்சுட்டான். துருவோட வந்திருந்தா கால்ல விழுந்து வாங்கியிருப்பேன். இப்ப இது வெங்காயம் வெட்டத்தான் ஆகும்."

"முட்டாளா? ஏந் தம்பி, உங்க ஊட்டுல அருவாளத் துருவோடதான் வெச்சிருக்கறீங்களா?"

"அருவா வேறங்க ஐயா."

அதற்குள் ரூத் ஆரம்பித்துவிட்டாள். "அந்த மனுசந்தானுங்க. குடிச்சுப்போட்டா கை சும்மா இருக்காது. அப்பங் கத்தியையே கெடுத்துப்போட்டாரு, பாவி. புள்ளைக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். செத்தும் நல்லது பண்ணலயே!"

அவன் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்த காலத்தில்கூட அவள் இப்படித் திட்டி நான் கேட்டதில்லை.

அந்தத் துண்டில் சுற்றித்தான் அந்தோணிராஜ் அன்றைக்கு என் பட்டறைக்கு எடுத்து வந்தான். துளி குடிக்கவில்லை. "துருவ மட்டும் துணியில தொடச்சுக் குடுங்ணா, போதும்" என்றான். எனக்குத் தெரியாததா? என் கைக்கு வந்த இரும்பு மங்கலாகத் திரும்பிப் போனதில்லை. முகம் தெரியத் தெரியத் தீட்டிக் கொடுத்தேன். வாங்கியவன் வெகுநேரம் அதையே பார்த்தான். "நல்லாருக்குதுங்ணா" என்று சொல்லிச் சுற்றிக்கொண்டு போனான். வீட்டிலும் வாய் திறக்கவில்லை போல. சாகும்வரை எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்னடா உனக்கு? இன்றைக்கு இந்தப் பொடியன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது.

ரவிதேஜா விளக்கைச் சாய்த்துப் பிடித்தான். "சாணைக்கோடு பூராவும் எதிர்ப்பக்கம் சாயுது. தீட்டுனவன் நொட்டாங்கைக்காரன்."

"அவரு எல்லாமே சோத்தாங்கையிலதானுங்களே..." என்ற ரூத் பாதியில் நின்றாள். மில்லில் என்னை நொட்டை என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீதிக்கே தெரியும். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. மேசைக்கடியில் என் இடது கை தொடைமேல் கிடந்தது.

"துண்டுல சுத்தி எடுத்துக்குங்க" என்று கத்தியை என் பக்கம் நீட்டினான் அவன்.

ஒருவரிடம் ஒன்றை வாங்க நீட்டுகிற கையா இடது கை? அதையே நீட்டினேன். கைப்பிடி வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. அந்த ஒல்லி அலகில் ரூத்தின் கண் மட்டும் தெரிந்தது. அது மெல்ல என் பக்கம் திரும்பியது.