பாத்திரத்துக்குப் போன சட்டை

என் மனைவி மதிவதனிக்கு என்மேல் பிரியம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் 2003-ஆம் வருடம் முழுக்க அவள் பிரியம் வைத்தது என் இரண்டு சட்டைகளின் மேல்தான். ஒன்று காட்டன், இன்னொன்று டெரிகாட்டன். ஒரே தையல்காரர், ஒரே அளவு, ஒரே இளநீலம். மாறிப் போகாமலிருக்க, காலருக்கு அடியில் காட்டனுக்கு ஒரு சிவப்பு நூல் புள்ளி, டெரிகாட்டனுக்கு இரண்டு.

எல்லாம் எம்.பில். ஆய்வுக்காக. ஒரு சட்டை பஞ்சாகவோ பெட்ரோலியமாகவோ தொடங்கி, கடைசியில் குப்பைக்குப் போகிறவரை எவ்வளவு தண்ணீர், மின்சாரம், சோப்பு, கரி தின்கிறது, மண்ணையும் காற்றையும் எவ்வளவு கெடுக்கிறது என்று அளக்க வேண்டும். மில், சாயப்பட்டறைக் கணக்குகளை ஊர் ஊராக அலைந்து அவளே வாங்கி வந்துவிட்டாள். உடுத்துகிற காலத்துக் கணக்குக்கு, வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க்காக இருந்த நான் அகப்பட்டேன்.

துவைக்கிற தண்ணீரை அளந்தாள். இஸ்திரி வண்டிக்காரர் சின்னசாமியைக் கரியை நிறுத்துப் போடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பவே யோசித்தார். பௌர்ணமி கிரிவலத்துக்கு நான் டெரிகாட்டன்தான் போட வேண்டும். வியர்வை ஜாஸ்தி வருமாம். அண்ணாமலையாரே, இந்தச் சட்டைக்கு ஒரு முடிவு வரட்டும் என்று மலையைச் சுற்றியபடி வேண்டிக்கொண்டேன்.

வருடம் முடிந்தது. இரண்டு சட்டைகளையும் துவைத்து மடித்து பீரோவில் வைத்தாள். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் அவற்றைக் கண்ணால் பார்க்கக் கேட்பார் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். எம்.பில். முடித்தால்தான் கல்லூரியில் வேலை. அதை நம்பித்தான் மூன்று வருடமாக அவள் பஸ்ஸில் கால் கடுக்க நின்றாள்.

அடுத்த வருடம் மார்கழியில், தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது பீரோவைத் திறந்தாள். காட்டன் இருந்தது. டெரிகாட்டன் இல்லை.

என் அம்மா ஜோதியம்மாள் சமையலறையிலிருந்து ஒரு புது எவர்சில்வர் தூக்கோடு வந்தாள்.

“தீபத்துக்கு முன்னாடி பாத்திரக்காரன் வந்தான்மா. ரெண்டு பழைய பேன்ட்டும் அந்தச் சட்டையும் குடுத்து இந்தத் தூக்க வாங்கினேன். காட்டன் வேணாம்னுட்டான். நீ வேலைக்குப் போம்போது சாப்பாடு எடுத்துனு போறதுக்குதான். பரீட்ச அன்னிக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

தூக்கின் வயிற்றில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: மதிவதனி, எம்.பில். பட்டம் பாத்திரத்தில் ஏறிவிட்டது, பல்கலைக்கழகம்தான் பாக்கி. மதி பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால் அம்மா தாங்கியிருப்பாள். என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் அம்மா அன்று சாப்பிடவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை டிவிஎஸ்-50ஐக் கிளப்பினோம். பாத்திரக்காரர் அர்ஜுனன் தேரடித் தெருவில் கிடைத்தார். “துணியெல்லாம் அப்பவே கீழ்பென்னாத்தூர் சந்தைக்குப் போயிடுச்சிங்க” என்றார். கீழ்பென்னாத்தூரில் பழைய துணிக்காரர் காலர் புள்ளியைச் சொன்னதும் கண்டுபிடித்தார். வேன் ஓட்டுகிற பலராமன் வாங்கினாராம்.

பலராமன் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் உடம்பில் என் சட்டை. என்னைவிட அவருக்குத்தான் பொருத்தமாக இருந்தது, அந்த எரிச்சல் வேறு. புதுச் சட்டை வாங்கித் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்றேன்.

“மன்னிச்சிக்குங்க சார். ராசியான சட்ட. இதப் போட்டுனுதான் பொண்ணு பாக்கப் போனேன். அமைஞ்சிடுச்சி. தை மாசம் கல்யாணம்.”

நான் தொகையைக் கூட்டலாமா என்று யோசிப்பதற்குள் மதி குறுக்கே புகுந்தாள்.

“இத எப்படித் தோய்க்கிறீங்க?”

“பம்புசெட்லங்க. மல்லாட்டைக்குத் தண்ணி பாயுது இல்ல, அதுலயே அலசிக்குவேன்.”

“சோப்பு?”

“கொஞ்சம் போடுவேன்.”

சோப்பு வேர்க்கடலை வயலுக்குப் போகிறதே என்று அவள் முகம் சுருங்கியது. “இஸ்திரி?”

“அதெல்லாம் எதுக்குங்க? மடிச்சிப் பாய்க்கு அடியில வெச்சா போதும்.”

மதி அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழப் போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள்.

“ஏங்க, பீரோல வெச்சதும் இது கத முடிஞ்சிதுனு நான் கணக்க மூடிட்டேன். இது இங்க கல்யாணத்துக்கு ரெடியாவுது. நம்ம ஊர்ல எந்த வீட்டுச் சட்ட நேரா குப்பைக்குப் போவுது? எனக்கு எப்படித் தோணாம போச்சி?”

சட்டையைச் செய்கிறபோது ஆன கெடுதல் ஆனதுதான், அது மாறாது. ஆனால் இன்னும் அதிக நாள் உடுத்தினால் ஒரு நாளுக்கு விழுகிற பங்கு கம்மி ஆகும். டெரிகாட்டன் கைமாறுகிறது, காட்டனைப் பாத்திரக்காரர் தொடுவதில்லை. ஆக, இரண்டுக்கும் ஒரே ஆயுள் போட்ட அவள் கணக்கு தப்பு. அந்த வாரம் முழுக்க அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதினாள். நான் டீ போட்டேன்.

தேர்வு அன்று, மதி கேட்டுக்கொண்டபடி, பலராமன் அதே சட்டையோடு வந்து பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“டெரிகாட்டன் எங்கம்மா?” என்று தேர்வாளர் கேட்டார்.

பலராமன் எழுந்து முன்னால் போய், திரும்பி நின்று காலரைத் தூக்கினார். இரண்டு சிவப்புப் புள்ளி. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“சரி, இதோட ஆயுள் எப்ப முடியும்?”

மதி பலராமனைப் பார்த்தாள்.

“கல்யாணம் வரைக்கும் நான் போடுவேன் சார். அப்புறம் என் தம்பி கேட்டுனு இருக்கான்.”

தேர்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். மதி தேறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“அத்த, என் தூக்கு எங்க?” என்றாள் மதி.

“பரண்மேல போட்டுட்டேன்மா. கண்ல படவேணாம்னு.”

நான் ஏறி எடுத்துக் கொடுத்தேன். மதி அதை முந்தானையால் துடைத்து, அம்மா கையில் கொடுத்தாள். “வேலைக்குப் போற அன்னிலேர்ந்து இதுலதான் சாப்பாடு. நீங்கதான் கட்டித் தரணும்.”

அம்மா வெட்டியிருந்த பேரை விரலால் தடவிப் பார்த்தாள்.

“எம்.பில்.னு போடச் சொன்னப்ப, பாஸ் ஆயிட்டாங்களானு அர்ஜுனன் கேட்டான். அன்னிக்கே ஆயிட்டாப்பானு சொல்லிட்டேன்.”