வெளிக்கிடு

இரவு வேலையை ஏன் விட்டாய் என்று எல்லோரும் கேட்டார்கள். பகலில் நித்திரை வரவில்லை, வேறு காரணம் இல்லை. குளிர்களஞ்சியத்தில் இறைச்சிப் பெட்டி அடுக்குவது பெரிய கஷ்டமல்ல. காலையில் வீடு திரும்பித் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தால் மேல்வீட்டுச் சலவை இயந்திரம் சுற்றத் தொடங்கும். அது நின்றால் தபால்காரர். அவர் போனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். ஆறு வருடம் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தேன். ஆவணியில் ஒரு மாலை, வேலைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் இருந்தவன் எழும்பவில்லை. அடுத்த நாளும் எழும்பவில்லை.

நான் இருப்பது இலண்டனின் தெற்கு ஓரத்தில், நியூ அடிங்டனில். குரோய்டனிலிருந்து வரும் ட்ராம் அதற்கு மேல் போக இடமில்லாமல் திரும்பிப் போகிற இடம். தரைத்தள பிளாட். ஒரு அறை, ஒரு சோபா, தெருவைப் பார்க்கும் ஒரு பெரிய யன்னல்.

வேலை இல்லாதவனுக்குப் பகல் மிக நீளம். நூலகத்தில் தடித்த புத்தகங்களாகப் பார்த்து எடுத்து வந்தேன். பெரும்பாலும் கடற்பயணங்கள். கப்பல் பனியில் இறுகி, ஆட்கள் சப்பாத்தை அவித்துத் தின்னும் வகை. ஹீட்டரைக் கூட்டிவைத்துக்கொண்டு அதையெல்லாம் வாசிப்பது நன்றாகவே இருந்தது. கண் களைத்தால் பின்னினேன். பின்னல், களஞ்சியத்தில் என்னோடு வேலை செய்த பியற்றிஸ் அக்கா பழக்கியது. இடைவேளையில் தூங்கி விழாமல் இருப்பதற்காக அவர் பின்னுவார். “கை ஓடிக்கொண்டிருந்தால் கண் மூடாது, தம்பி” என்பார். தொடங்கவும் தொடரவும் காட்டித் தந்தார். முடிப்பதைப் பிறகு காட்டுவதாகச் சொன்னார். அதற்குள் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். ஆகவே சரிட்டி கடையில் வாங்கிய ஒரு பச்சைக் கம்பளிச் சட்டையைப் பிரித்து நான் பின்னத் தொடங்கிய ஸ்கார்ஃப் முடியாமல் நீண்டுகொண்டே போனது. முடிச்சுப் போட்டு அறுத்திருக்கலாம். அவசரமில்லை.

புரட்டாதியில் பூனை வந்தது.

மீன் பொரித்த புகை போக யன்னலைத் திறந்து வைத்திருந்தேன். சாம்பல் நிறம், வெள்ளை நெஞ்சு, ஒரு காதில் பழைய வெட்டு. பட்டினி கிடந்த பூனை அல்ல. சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் வந்து, திறந்திருந்த புத்தகத்தின் மேல் ஏறிப் படுத்தது. அடுத்த நாளும் காலை ஒன்பது மணியளவில் வந்தது. இருளத் தொடங்கும்போது எழும்பி, உடம்பை நீட்டி முறித்து, யன்னலால் போகும். இப்படியே தினமும். ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். இலண்டன் பூனை ஆங்கிலத்துக்குத்தான் வரும் என்று நினைத்தேன். காதுகூட அசையவில்லை. சரி, அதற்கும் ஆட்களைப் பிடிக்காதாக்கும் என்று விட்டுவிட்டேன். மடியில் படுக்கும். நான் பின்னும்போது நூலைப் பிடித்து இழுக்கும். அதன் சூடு தொடைக்குள் இறங்கிவிட்டால் எழும்பி விளக்கைப் போடவும் மனம் வராது.

தீபாவளி அன்று, இலண்டனின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்ஸிலிருந்து அண்ணை அழைத்தார். கையில் ஊசி இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்க நிக்கிறாய்?”

“வீட்டில.”

“இன்னும் வீட்டிலயோ? உன்ர அண்ணி இடியப்பம் அவிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறா.”

“ட்ராம் ஓடேல்லையாம், அண்ணை.”

“உன்ர ட்ராம் நீ வாற நாளில மட்டும்தான் ஓடாது. விசர்க்கதை கதையாமல் வெளிக்கிடு. கெதியா வெளிக்கிடு!”

பூனை மடியிலிருந்து குதித்தது. யன்னலடிக்குப் போய் நின்று, திறந்துவிடு என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு எடுக்கிறேன் என்று போனை வைத்தேன். டின்மீனில் ஒரு துண்டை எடுத்து “இந்தா” என்றேன். வந்தது. துண்டை உயர்த்திப் பிடித்து “பொறு” என்றேன். குந்தியிருந்து பொறுத்தது. மேசையில் ஏறியபோது “சீ, இறங்கு” என்றேன். அவமானப்பட்ட முகத்தோடு இறங்கியது.

இந்தியத் தமிழர் வீடு என்றால் ‘கிளம்பு’ என்று கேட்டு வளர்ந்திருக்கும். ‘வெளிக்கிடு’ எங்கள் ஆட்களின் சொல். பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு, கலியாண வீட்டுக்கு, நாட்டை விட்டுப் போவதற்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். இந்தப் பூனையிடம் யாரோ தினமும் காலையில் அதைச் சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். இதே தெருவில் எங்கோ. ஆறு வருடமாக இங்கே எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போய் விசாரித்திருக்கலாம். விசாரித்தால் பூனைக்கு உரிமைக்காரர் வந்துவிடுவார். உரிமைக்காரர் வந்தால் பூனை போய்விடும். நாள் முழுக்க என்னோடு இருக்கும் உயிர் அது ஒன்றுதான். அதனால் விசாரிக்கவில்லை. அந்தச் சொல்லையும் வீட்டுக்குள் சொல்லவில்லை. அண்ணையை அதன்பின் ஸ்பீக்கரில் போடவும் இல்லை.

நவம்பர் பிறந்ததும் வெள்ளைக்காரரின் வெடித் திருநாள், ஊரெல்லாம் வெடி. ஐந்தாம் தேதி பின்னேரமே தொடங்கிவிட்டது. அன்று பூனை வழக்கம்போல் எழும்பி, முறித்து, யன்னலடிக்குப் போனது. நான் யன்னலைப் பூட்டியிருந்தேன்.

“வெடி முடியட்டும்” என்றேன்.

அது கண்ணாடியைப் பிராண்டியது. முதல் ராக்கெட் வெடித்ததும் சோபாவுக்குக் கீழே ஓடியது. அதைக் கண்டு எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனிப் பூட்டியது நியாயம். வெடிகளுக்கு நடுவே வெளியே ஒரு பெண் குரல் எதையோ கூப்பிட்டுக்கொண்டு தெருவில் நடந்தது. அது எந்தப் பாஷை என்று நான் காது கொடுக்கவில்லை. காது கொடுத்தால் விளங்கிவிடும். புத்தகத்தில் ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகும் யன்னலைத் திறக்கவில்லை.

காலையில் கதவு தட்டினார்கள். யன்னலடியில் குந்தியிருந்த பூனை திரும்பவும் சோபாவுக்குக் கீழே ஓடியது.

ஐம்பது வயதுப் பெண். கோட்டுக்குக் கீழே முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்களின் ஊதா உடை. “எக்ஸ்கியூஸ் மி” என்று தொடங்கியவர், என் பின்னால் சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைக் கண்டதும் தமிழுக்கு மாறினார்.

“தம்பி, என்ர பூனை உங்கட யன்னலுக்குள்ள இருக்குது.”

“இரவு வெடி, அக்கா. அதுதான் விடேல்லை.”

“வெடி பத்து மணியோட முடிஞ்சுது.”

“பயந்து சோபாவுக்குக் கீழ...”

“பயந்தவனை அவன்ர வீட்டுக்கெல்லோ அனுப்பவேணும்? பின்னேரம் தேடினன், இல்லை. வேலைக்குப் போகவேணும், போயிட்டன். அங்க ஒரு மனுசி மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்குது, நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பூனையை யோசிக்கிறன். கார் அடிச்சிட்டுதோ, பெடியள் வாலில வெடியைக் கட்டிட்டாங்களோ எண்டு.”

எங்கள் ஆட்கள் என்ன சொல்வதென்று தெரியாத நேரம் கேட்பதையே நானும் கேட்டேன்.

“அக்கா எந்த ஊர்?”

“பூனையைக் களவெடுத்துப்போட்டு ஊர் கேக்கிறியளோ?”

அவர் கண் என்னைத் தாண்டிச் சோபாவுக்குப் போனது. அதிலிருந்து நிலம்வரை தொங்கி, நிலத்திலும் பாதி கிடந்தது ஸ்கார்ஃப்.

“உந்தச் சால்வையை ஆர் பின்னுறது?”

“நான்தான்.”

“ஒவ்வொரு நாளும் உடம்பில பச்சை நூலோட வருவான். ஆரோ வெள்ளைக்காரக் கிழவி, பாவம், தனிய இருக்கிறா, போய் இருந்திட்டு வரட்டும் எண்டு விட்டனான். கிழவிக்கு மீசை இருக்குமெண்டு ஆர் கண்டது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“இவனுக்கு என்ன பேர்?” என்று கேட்டேன்.

“மந்திரி. தின்னுறான், படுக்கிறான், ஒரு அலுவலும் பாக்கிறேல்லை. வேற என்ன பேர் வைக்கிறது?”

“பகலில மட்டும் வந்து போகட்டும், அக்கா. நான் ஒண்டும் செய்யமாட்டன்.”

“இல்லைத் தம்பி. காலமை நான் வந்து கதவைத் திறந்தால் அவன் நிக்கவேணும். அவனோட கதைச்சுக்கொண்டு சாப்பிடுவன். அந்த நேரம் மட்டும்தான் எனக்கு ஆரோடயும் கதை. பிறகு நித்திரைக்காக அவனை வெளியில விடுறனான். இனி விடுறேல்லை. பூட்டித்தான் வைக்கிறதெண்டால் என்ர வீட்டிலயே பூட்டி வைக்கிறன்.” குனிந்து சோபாவின் அடியைப் பார்த்தார். “மந்திரி, வெளிக்கிடு.”

பூனை வெளியே வந்தது. என் காலைத் தாண்டி, என்னைப் பார்க்காமல், அவருக்கு முன்னே நடந்து போனது. அவர் எதிர்க் கட்டடத்து மாடிப்படி ஏறும்வரை கதவடியில் நின்றேன்.

பிறகு வந்த நாட்களில் நிறைய வாசித்தேன். புத்தகத்தின் மேல் படுக்க ஆளில்லை என்றால் பக்கங்கள் கெதியாகப் போகும். கப்பல் மூழ்கியது, ஆட்கள் பனிக்கட்டிமேல் நடந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதேபோல் இன்னொன்று எடுத்தேன். அறை நன்றாகச் சூடாக இருந்தது. எனக்கு மட்டும் அவ்வளவு சூடு தேவைப்படவில்லை.

நூலகத்துக்குப் போய்வரும்போது எதிர்க் கட்டடத்தைப் பார்ப்பேன். முதலாம் மாடியில் ஒரு யன்னலில் தடித்த திரை, இரண்டு அடுக்கு, ஓரங்களைச் சுவரோடு ஒட்டியிருந்தது. பகலில் படுப்பவர்களின் திரை. என்னிடமும் அப்படியொன்று இருந்தது. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மந்திரி குந்தியிருப்பான். ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை விலகி, ஒரு கை அவனை உள்ளே தூக்கியது. நடுப்பகல். அந்தக் கைக்குரியவர் நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாளும் அதே நேரம் அதே கை. இப்படி எத்தனை நாள் தாங்கும் என்று என்னால் கணக்குச் சொல்லியிருக்க முடியும். சொல்லப் போகவில்லை. போனால் பூனையைக் கேட்க வந்ததாகத்தான் தெரியும். அது உண்மையும்கூட.

ஒரு கிழமைக்கு மேல் போயிருக்கும். காலையில் கதவு தட்டுப்பட்டது. அதே ஊதா உடை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கைக்குள் மந்திரி.

“பிடியுங்கோ.”

வாங்கிக்கொண்டேன்.

“பகல் முழுக்கக் கதவைப் பிராண்டுறான். யன்னலில ஏறிக் கத்துறான். ஒரு மணித்தியாலம் கண் மூட ஏலாது. இண்டைக்கு ட்ராமில நித்திரையாப் போனன், தம்பி. கடைசி ஸ்டொப்பில இறங்கவேண்டிய ஆள், இறங்காமல் திரும்பவும் குரோய்டனுக்குப் போயிட்டன். ஒருத்தன் தட்டி எழுப்பினான்.”

“எனக்கும் அப்பிடி நடந்தது. அதுதான் வேலையை விட்டனான்.”

“நான் விட ஏலாது” என்றார். “யன்னல் பூட்டக்கூடாது. மழையோ குளிரோ, அவன் நினைச்ச நேரம் போகவேணும். நான் மேல இருந்து பாப்பன். பூட்டியிருந்தால் அதோட சரி.”

“பூட்டமாட்டன்.”

“இருண்டால் தானா வருவான். வராட்டி...”

“வெளிக்கிடு எண்டு சொல்லவேணும். தீபாவளியண்டே தெரியும்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“தெரிஞ்சுகொண்டோ இருந்தனீங்கள்?”

“ஓம்.”

திட்டுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினார். வாசல்படிக் கம்பியைப் பிடித்து இறங்கித் தெருவைக் கடந்தார். பெயரை அதற்குப் பிறகுதான், வேறொரு நாள், சொன்னார்: சுசிலா. ஊரை இன்றுவரை சொல்லவில்லை.

அன்று யன்னலை ஒரு முழம் திறந்து வைத்தேன். ஹீட்டரை நிற்பாட்டினேன், தெருவைச் சூடாக்கி என்ன பயன்? கோட்டைப் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தேன். ஸ்கார்ஃபின் ஒரு முனையைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, மறுமுனையைத் தொடர்ந்து பின்னினேன். நனைந்த இலைகளின் மணம் உள்ளே வந்தது. இரண்டு இலைகளும் வந்தன. மந்திரி ஒன்றை மோந்து பார்த்துவிட்டு மடியில் ஏறி, நூலை இழுத்து, படுத்தான். எதிர்த் திரை அசையவில்லை. மத்தியானம் பார்த்தேன், அசையவில்லை. மூன்று மணிக்கும் பார்த்தேன்.

நாலரைக்கு இருண்டுவிட்டது. மந்திரி எழும்பவில்லை. குளிருக்கு நன்றாகச் சுருண்டு, மூக்கை வாலுக்குள் வைத்திருந்தான். மூச்சு ஏறி இறங்குவது கோட்டுக்கு ஊடாகத் தெரிந்தது. மேல்வீட்டுச் சலவை இயந்திரம் சுற்றி ஓய்ந்தது. அவன் தானாகப் போகட்டும் என்று ஒரு வரி பின்னினேன். இன்னொரு வரி பின்னினேன். எதிர் மாடியில் திரை விலகி விளக்கு எரிந்தது. யன்னலடிக்கு ஒரு உருவம் வந்து நின்றது.

ஊசியைக் கீழே வைத்தேன்.

“மந்திரி” என்றேன். ஒரு காது திரும்பியது. “வெளிக்கிடு.”

சரியாகச் சொல்லவில்லை போல. அசையவில்லை. இன்னொரு தடவை, அண்ணை சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன். எழும்பி, முறித்து, யன்னலால் குதித்து, நனைந்த தெருவை அவசரமில்லாமல் கடந்து போனான்.

மடியில் சூடு இருந்தது. அது போகும்வரை அப்படியே இருந்தேன்.