மகோக்காவின் கேமரா

வீடியோ கேமராவைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டுதான் வக்கேஷோ, பழுது பார்க்கிற ஃபுண்டி அத்மானின் கடைக்கு நடந்தாள். மொம்பாசாவின் சங்காம்வேயில் லாரிகள் கிளப்பும் புழுதி அப்படிப்பட்டது. அவளுக்கோ புழுதியைவிட நேரம்தான் பயம். மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் வவுதா நர்சரிப் பள்ளியில் கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கப் போகிறாள். ஆறு வயசில் என்ன பட்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மொம்பாசாவில் கேட்டுப் பாருங்கள், பிள்ளையைப் பெற்றவர்கள் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

வவுதாவின் அப்பன் மகோக்கா துறைமுகத்திலிருந்து கம்பாலாவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லாரி ஓட்டுநர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. கேமரா எப்போதும் அவனோடுதான் போகும், வரும். வழியில் அதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே போவானாம். அதைச் சொல்லிச் சொல்லியே அக்கம்பக்கத்துப் பெண்களை வயிறெரிய வைத்திருந்தாள் வக்கேஷோ. இந்த முறை மட்டும், பட்டமளிப்பைப் படம்பிடிக்கச் சொல்லி வீட்டில் விட்டுப் போயிருந்தான். காலையில் ஒத்திகை பார்ப்போம் என்று சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். இடமில்லை, நினைவகம் நிறைந்துவிட்டது என்றது கேமரா.

உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

"வவுதாப்பா, இதுல இடமே இல்லைங்குது. எதையாவது அழிக்கவா?"

"ஐயையோ, ஒண்ணையும் தொடாதே. மெனுவுக்குள்ள போகவே போகாதே. போன்ல எடு, போதும்."

"போன்ல எடுத்தா தொப்பிதான் தெரியும், மூஞ்சி தெரியாது. நீங்கதானே பாக்கணும்னீங்க?"

"சொன்னாக் கேளு, வக்கேஷோ."

அவள் கேட்கவில்லை. எதை அழிப்பது என்பதுதான் அவள் கவலை. மகன் ரிகா முதல் அடி எடுத்து வைத்ததையா, வவுதா முன்பல் விழுந்து அழுததையா? ஒன்றும் போகாமல் கால் மணி நேரத்துக்கு இடம் வேண்டும். அதற்குத்தான் ஃபுண்டியிடம் வந்தாள்.

அத்மான் ரேடியோவிலிருந்து சலவை இயந்திரம்வரை எதையும் பிரித்துப் பூட்டுகிறவர். எண்ணெயில் பொரித்த மஹம்ரி தின்ற கையைத் துடைத்துவிட்டு, கேமராவைக் கடையின் பெரிய டிவியில் மாட்டினார். வவுதாவும் ரிகாவும் வரிசையாக வந்தார்கள்.

"வவுதாம்மா, எல்லாம் சேத்து மூணு மணி நேரம்கூட இல்லை. இந்தத் தரத்துல எடுத்தா நாப்பது மணி நேரம் தாங்கும் இது."

"அப்ப கெட்டுப்போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு. வேற ஏதோ உள்ள உக்காந்து இடத்தைத் தின்னுது. இதுல ரெண்டு தரம் உண்டு. சாதாரணம் ஒண்ணு, எச்.டி. ஒண்ணு. ரெண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். ஒண்ணு திறந்திருந்தா மத்தது கண்ணுல படாது. இருங்க, மாத்திப் பாக்கிறேன்."

மாற்றினார். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள் வந்து நிறைந்தன. அடுத்த பக்கம், அதற்கும் அடுத்த பக்கம்.

"ஃபுண்டி, வேற யாரு கேமராவையோ மாட்டிட்டீங்க."

"இங்க வேற கேமராவே இல்லையே." அவர் ஒரு சதுரத்தை அமுக்கினார்.

கீழே தேதி போன கிறிஸ்துமஸ். உகாண்டா எல்லையான மலாபாவில் லாரியை மூன்று வாரமாக மறித்துப் போட்டிருக்கிறார்கள் என்று மகோக்கா போனில் புலம்பிய அதே கிறிஸ்துமஸ். தகரக் கூரை வீட்டு முற்றத்தில் ஒரு கிழவி இடுப்பை ஆட்டி ஆடிக்கொண்டிருந்தாள். போட்டோவில் பார்த்த முகம்தான், அவன் அம்மா. அம்மா படுத்த படுக்கை, அவள் எழுந்ததும் உன்னை மலாபா பக்கத்து ஊருக்கு அழைத்துப் போகிறேன் என்று ஏழு வருஷமாகச் சொல்லி வந்தானே, அந்த அம்மா. பக்கத்தில் மோதிரக் கையோடு ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை. "நமுலாண்டா, அப்பாவைப் பாரு, இங்க பாரு" என்று மகோக்காவின் குரல் கேட்டது. ஒரு பையன் திரும்பிச் சிரித்தான்.

நமுலாண்டா மகோக்காவின் அப்பா பெயர். செத்துப்போன தன் தகப்பன் பெயரை மூத்த மகனுக்கு வைப்பது அவன் ஆட்கள் வழக்கம். ரிகா பிறந்தபோது, "உங்க தைத்தா ஆளுங்க பேரே இருக்கட்டும்" என்று விட்டுக்கொடுத்தான். எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு அவள் பூரித்துப் போனாள்.  இப்போது டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அத்மான் டிவியை அணைக்கக் கை நீட்டினார்.

"அணைக்காதீங்க," என்றாள்.

அந்தப் பையனுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. எண்ண முடிந்தது. கிழவியின் காதோர நரை, குழந்தை வாயில் ஒழுகிய எச்சில், எல்லாம் கையால் தொடலாம்போல இருந்தது. தன் பிள்ளைகள் அந்த டிவியில் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எப்படித் தெரிந்தார்கள் என்று அவளுக்கு நினைவு வந்தது. ரிகா முகம் வேகவைத்து மசித்த கிழங்கு மாதிரி இருந்தது.

"ஃபுண்டி, எங்க பிள்ளைங்களை இந்த மாதிரித் தெளிவா ஆக்க முடியுமா?"

"முடியாது வவுதாம்மா. எடுக்கும்போது எப்படி எடுத்தாங்களோ அப்படியேதான்."

"தானா மாறிக்குமா இது?"

அத்மான் டிவி வயரைச் சரிசெய்வதுபோல் குனிந்தார். அவள் விடுவதாக இல்லை. "மாறாது. ஒவ்வொரு தடவையும் உள்ள போய் மாத்தணும்," என்றார் தரையைப் பார்த்து.

போன் அடித்தது. மகோக்காதான்.

"என்ன, போன்லயே எடுக்கலாம்தானே?"

"ஃபுண்டி கடையில இருக்கேன். நமுலாண்டாவுக்கு ரெண்டு பல் விழுந்திருக்கு."

 அவன் அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தான். அவள் உனக்கு முந்தியே வந்தவள், அம்மா கட்டாயப்படுத்தினாள், நான் சொல்லத்தான் இருந்தேன், ஆண்டவன் சத்தியமா. என்றைக்கோ கேட்பாள் என்று எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவன் மாதிரி வந்தது பேச்சு.

"அதை விடு," என்றாள் வக்கேஷோ. ஏழு வருஷத்தில் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "எங்க பிள்ளைங்களை ஏன் கம்மித் தரத்துல எடுத்தே?"

இதற்கு அவனிடம் ஒத்திகை இல்லை.

"அது... ரெண்டு வீட்டையும் எச்.டி.ல எடுத்தா இடம் பத்தாதேன்னுதான்..."

அவள் போனை அணைத்தாள்.  

"ஃபுண்டி, எல்லாத்தையும் டிவிடியில போடுங்க. அவங்களுது, எங்களுது, ரெண்டும். ரெண்டு செட்."

"ரெண்டு எதுக்கு?"

"அந்தப் பொம்பளையும் அவ பட்டியலை மட்டும்தானே பாத்திருப்பா. எங்க பிள்ளைங்க அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

பிறகு கேமராவைக் காலி செய்து எச்.டி.யில் வைத்துத் தரச் சொன்னாள். அவர் வட்டுகளைத் தேடி எடுக்கும்வரை அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மலாபாவுக்கு பார்சல் எடுக்கிற பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.