மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கலாமா?

சிலமலை சோணை தன் தங்கை புருஷன் அருள்பாண்டி மேல் கேஸ் போட்டிருந்தார். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை மேல் கேஸ் போடாத குடும்பம் சுற்றுவட்டாரத்தில் எது? கேஸ் நடந்த மூன்று வருஷமும் தீபாவளிக்கு வேட்டி சட்டையும், பொங்கலுக்குக் கரும்புக்கட்டும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தவறாமல் போயின. கொண்டுபோய்க் கொடுத்ததும் சோணைதான். கேஸ் வேறு, மரியாதை வேறு.

விவகாரம் ஒரு பாதை. சோணையின் தென்னந்தோப்பு மலையடிவாரத்தில், அருள்பாண்டி நிலத்துக்கு அந்தப்புறம் இருந்தது. அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தின் ஓரமாகத்தான் வண்டி போய்வந்தது. ஒருநாள் அருள்பாண்டி கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். டிராக்டர் போக வழியில்லை. வெட்டிய தேங்காயெல்லாம் ஓடையைச் சுற்றித் தலைச்சுமையாக வர வேண்டியதாயிற்று. தலைச்சுமைக்கு ஆள் கிடைக்கிற காலமா இது? விடிந்தால் எல்லாரும் ஜீப்பு ஏறி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். பாதை கிடைக்காவிட்டால் தோப்பை வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். வாங்கத் தயாராக இருந்த ஒரே ஆளும் அருள்பாண்டிதான்!

கீழ்க்கோர்ட்டில், ‘பாதை என்று ஒன்று எக்காலத்திலும் இருந்ததில்லை’ என்று வக்கீல் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அருள்பாண்டி கூண்டேறினார். சோணையின் வக்கீல் விஜயகுமார் பதினெட்டுக் கேள்விகள் தயார் செய்து வைத்திருந்தார், பாவம். எழுந்ததுதான் தாமதம், சோணை அவர் கவுனைப் பிடித்து இழுத்தார்.

“சார், உக்காருங்க. அவுகள ஒண்ணும் கேக்க வேணாம்.”

“கேக்காம எப்பிடிங்க? அவர் சொல்றது பொய்யின்னு காட்ட வேணாமா?”

“என் தங்கச்சிக்குத் தாலி கட்டுனவுக சார். நாலு பேரு முன்னால நிக்கவச்சு, ‘பொய்யா சொல்ற’ன்னு கேட்டா, நாளப்பின்ன நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த வீட்டுப்படி ஏறுறது? ஜட்ஜய்யாவுக்கே தெரியும், பாத்துச் செய்வாக.”

அந்தப் பாதையில் இருபது வருஷம் அவருக்கு வண்டியோட்டிய அமாவாசையையும் சாட்சிக்கு அழைக்க விடவில்லை. கூலிக்கு வண்டி ஓட்டியவரை மாப்பிள்ளைக்கு எதிராகப் பேச வைப்பதாவது!

ஜட்ஜய்யா பார்த்துத்தான் செய்தார். ‘குறுக்கு விசாரணை இல்லை’ என்று எழுதிக்கொண்டார். எதிராளியின் சாட்சியத்தை யாரும் மறுக்கவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்.

சோணை அசரவில்லை. அப்பீல் என்றால் என்ன என்பதில் அவருக்குத் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. கபடியில் தோற்ற அணி மறு ஆட்டம் கேட்கிற மாதிரி, எல்லாம் முதலிலிருந்து நடக்கும். அதற்குள் ஒரு வெட்டில் இறங்கிய தேங்காயையெல்லாம் தானே சுமந்து கழுத்து பிடித்துக்கொண்டதில் மரியாதையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்தத் தடவை பதினெட்டு என்ன, முப்பத்தாறு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்று வக்கீலிடம் சொல்லிவிட்டார். போடிமெட்டுக்கு மேலே கேரள எஸ்டேட்டில் வேலை பார்த்த அமாவாசையையும் ஜீப்பு வைத்து இறக்கினார். மலையிலேயே கிடந்து அமாவாசைக்குப் பாதிப் பேச்சு மலையாளமாகியிருந்தது.

“ஞான் எல்லாம் பறயாம் அண்ணே. பயப்படாதீக” என்றார் அவர், சலவைச் சட்டையை நீவிக்கொண்டு.

மேல்கோர்ட்டில் ஜட்ஜம்மா காகிதத்தைப் புரட்டினார். விஜயகுமார் எழுந்து, புதுச் சாட்சியை விசாரிக்க அனுமதி கேட்டார்.

“இந்தச் சாட்சி எங்கே இருக்கிறார் என்று அப்போது தெரியாதா?”

“தெரியும், அம்மா.”

“பிறகு ஏன் கூப்பிடவில்லை? எதிராளியையும் ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை?”

விஜயகுமார் திரும்பிப் பார்த்தார். சோணை எழுந்து கும்பிட்டார். “மரியாதைக்காகங்கம்மா.”

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. “கீழ்க்கோர்ட்டு முன்னால் இருந்த சாட்சியத்தை வைத்து அந்தத் தீர்ப்பு சரியா, தப்பா என்றுதான் நான் பார்க்கலாம். நீங்களாகவே வேண்டாமென்று விட்டதை இங்கே புதிதாகச் சேர்க்க முடியாது” என்றார். மனு தள்ளுபடி, அன்றைக்கே வாதம் கேட்டார், அடுத்த வாரம் அப்பீலும் தள்ளுபடி.

“எந்தா அண்ணே இது, ஞான் வாயே தொறக்கலையே!” என்றார் அமாவாசை. தீர்ப்பைக் கேட்க இரண்டாவது தடவையாக வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

வராண்டாவில் விஜயகுமார் ஆறுதல் சொன்னார். “மதுரை ஹைகோர்ட்டுக்கு இரண்டாவது அப்பீல் போகலாங்க. ஆனா அங்க சட்டம் மட்டுந்தான் பேசலாம். பாதை இருந்துச்சா இல்லையான்னு பேச்செடுக்கவே விடமாட்டாங்க.”

“அப்ப மேல போகப்போக, நடந்ததத் தவிர மத்ததெல்லாம் பேசலாமாக்கும்!” சோணைக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

அப்போது அருள்பாண்டியும் தங்கை பொற்கொடியும் படியிறங்கி வந்தார்கள். சோணையால் பொறுக்க முடியவில்லை. குறுக்கே போய் நின்றார்.

“மாப்ளே, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. பாதை இருந்துச்சா, இல்லையா?”

“இருந்துச்சு மச்சான்” என்றார் அருள்பாண்டி, பட்டென்று. “வக்கீல் எழுதுனாரு, கையெழுத்துப் போட்டேன். கூண்டுல நிக்கையில நீங்க கேட்டுப்புடுவீகளோன்னு பயந்துக்கிட்டேதான் நின்னேன். ஒங்க மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. நீங்கதான் கேக்கவே இல்லையே!”

“சார், கேட்டீகளா? வாங்க வெரசா, ஜட்ஜம்மாகிட்டச் சொல்லிப்புடுவோம்!”

“வராண்டாவுல சொன்னது ரெக்கார்டுல சேராதுங்க.” விஜயகுமார் கேஸ் கட்டை இறுக்கிக் கட்டினார்.

“அப்ப நீங்களே வேலியப் பிரிச்சுவிடுங்க மாப்ளே.”

“அதெப்பிடி மச்சான்? ரெண்டு கோர்ட்டு சொன்ன தீர்ப்பு. அதுக்கு ஒரு மரியாதை குடுக்க வேணாமா?”

சோணை தங்கையைப் பார்த்தார். “எல்லாம் ஒனக்காகத்தான் ஆத்தா வாயை மூடிக்கிட்டிருந்தேன்.”

“எனக்காகவா?” பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தப் பாதையிலதான நானும் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். எனக்குத் தெரியாதா? கூண்டுல ஏத்தி என்னயக் கேளுண்ணேன்னு நானே சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?”