வெர்னனின் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா?

1

இந்தக் கதை எனக்கு போன வேட்டைப் பருவத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நடந்த பொதுச்சாப்பாட்டில் கிடைத்தது. திருடினேன் என்றும் சொல்லலாம். பன்றித்தொடையும் பீன்ஸும் போட்ட சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அருகில் இருந்த பக்கத்து வீட்டு ஆர்லீன் அம்மாள் என் காதருகே குனிந்து ஒன்று சொன்னார். அதை மூன்றாம் பகுதிவரை சொல்லமாட்டேன். (தந்திரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எதிரே அவர் கணவர் வெர்னனும் ஆர்லீனின் அண்ணன் எல்வுட்டும் வழக்கமான சண்டையில் இருந்தார்கள். வேட்டைக்குப் போய்ச் சுடாமல் திரும்பினால் துப்பாக்கியைக் காலி செய்ய வேண்டுமா, மறுநாளைக்கு அப்படியே வைக்கலாமா என்பது வழக்கு. எங்கள் பென்சில்வேனியா மலையில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்குச் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மட்டும்தான். குழல் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். விசைக்கு மேலே உள்ள சின்னக் கிண்ணியில் போடும் பொடி பற்றி, அந்தத் தீ பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே போனால்தான் வெடிக்கும். தேர்தலால் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் இங்கே குறைவு. இதனால் நின்றுபோனவை உண்டு.

2

தொடக்கங்கள்:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். இங்கே எப்போதும் பனிதான்.

"துப்பாக்கி என்பது மனிதனின் ஆதி..." ஐயோ.

"வெர்னன் பிடிவாதக்காரர்." பரவாயில்லை, இதையே வைத்துக்கொள்கிறேன்.

வெர்னன் பிடிவாதக்காரர். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. துப்பாக்கியின் கட்டையைத் தானே செதுக்கியவர்.

"சுடாத மருந்த எதுக்கு மச்சான் கொட்டணும்? கிண்ணியில இருக்கிற பொடியத் தட்டிட்டேன், குளிர்ற கொட்டகையில வச்சுட்டேன். சட்டப்படி அது காலித் துப்பாக்கி!"

"நான் தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மரக்கட்டையப் பாத்து ஒரு வெடி போட்டுக் காலி பண்ணிடுறேன் மாப்ளே. ராத்திரி வச்சா மருந்து நமுத்துப்போயிடும். நிம்மதியாத் தூங்குறேன்."

"நீ தூங்குற. வெடிச் சத்தத்துல உன் கோழி முட்டையே போடலியே!"

"முட்டை கடையில கெடைக்கும். நீ கடைசியா எந்த வருஷம் மான் அடிச்ச, அதச் சொல்லு."

வெர்னன் சூப்பில் ரொட்டியை முக்கினார். ஆறு வருடம் ஆகியிருந்தது.

3

ஆர்லீன் என் காதில் சொன்னது இதுதான்: "அந்தத் துப்பாக்கிய ஆறு வருஷமா நான்தான் காலி பண்றேன். யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

(நான் எழுதுகிறவன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு நினைவில்லை.)

ஆறு வருடம் முன்பு, கொட்டகையில் இருந்த குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு அவர் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நாய் வாலை ஆட்டியதில் துப்பாக்கி சரிந்தது. நிமிர்ந்து பார்த்தால் குழல் வாய் நேராக மூக்குக்கு எதிரே. வெடிக்கவில்லை. கிண்ணியில் பொடி இல்லாமல் வெடிக்கவே வெடிக்காது என்று வெர்னன் அரை மணி நேரம் விளக்கினார். அந்த அரை மணி நேரத்தில்தான் ஆர்லீன் முடிவெடுத்தார்.

அன்று முதல், வெர்னன் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் குறட்டையைத் தொடங்கியதும் அவர் கொட்டகைக்குப் போவார். நுனியில் திருகாணி வைத்த கோலால் குண்டை இழுப்பார். மருந்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, குண்டை மட்டும் திரும்ப இறக்கிவிடுவார். சட்டைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் பொத்தான் தைத்த விரல்கள். மருந்து ரோஜாச் செடிக்குப் போகும். ஊரிலேயே நல்ல ரோஜா அவர்களுடையதுதான்.

[இங்கே எனக்கே சந்தேகம். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர், காலி செய்யச் சொல்லி வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டாரா? அழுது கெஞ்சும் ஓர் ஆர்லீனை எழுதிப் பார்த்தேன். அந்த அம்மாள் காகிதத்தில் உட்காரவே இல்லை. பிறகு நேரில் விசாரித்தேன். மூன்று முறை கேட்டாராம். மூன்று முறையும் விளக்கம் கிடைத்ததாம்.]

4

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு, போன பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து மலை ஏறினார்கள். நாற்பது தப்படியில் பெரிய கொம்பு மான். வெர்னன் விசையை இழுத்தார். கிண்ணியில் 'புஸ்' என்று ஒரு தீ. அவ்வளவுதான். மான் அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் நடந்து போனது. எல்வுட் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த பனி கொட்டியது.

மதியம் சமையலறையில், எல்வுட்டும் கூட இருக்கும்போதே, வெர்னன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"மச்சான் சொன்னதுதான் சரி. மருந்து நமுத்துப்போச்சு. இதோட அஞ்சு மான் இப்படிப் போயிடுச்சு. எனக்கு வயசாயிடுச்சு ஆர்லீன். துப்பாக்கிய எல்வுட்டே வச்சுக்கட்டும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த ஆர்லீனின் கத்தி நின்றது. மருந்தைத்தான் எடுக்கிறோம் என்று நினைத்திருந்தார். ஆளிடமிருந்தும் ஏதோ போயிருப்பதை அப்போதுதான் பார்த்தார்.

இந்த இடத்துக்கு நான் எழுதி அடித்த முடிவுகள்:

அ) ஆர்லீன் உண்மையைச் சொல்கிறார், வெர்னன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். (எனக்குத் தெரிந்த வெர்னன் சிரிக்க மாட்டார்.)

ஆ) ஆர்லீன் வாய் திறக்கவில்லை, துப்பாக்கி எல்வுட் வீட்டுக்குப் போகிறது, அதன் பிறகு வெர்னன் அந்த... (எழுத மனம் வரவில்லை.)

இ) துப்பாக்கி மேசைமேல் வெடிக்கிறது. (மருந்து ஏது? என் உச்சக்கட்டத்தைக் கதாநாயகியே ரோஜாவுக்குப் போட்டுவிட்டார்.)

5

நடந்தது வேறு.

"நமுத்த மருந்து எப்படிச் சேறா வருதுன்னு காட்டுறேன் பாரு" என்று எல்வுட் உற்சாகமாகக் குண்டை இழுத்தார். செய்தித்தாளை விரித்துக் குழலைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. தட்டினார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது.

தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தார். தங்கை ஆப்பிளைப் பார்த்தார்.

வெர்னனின் முதுகு இன்னும் ஜன்னலுக்கு முன்னால் அசையாமல் இருந்தது. எல்வுட் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் இடுப்பில் தொங்கிய, மருந்து வைக்கும் மாட்டுக் கொம்பைச் சத்தமில்லாமல் திறந்து, செய்தித்தாளில் கொஞ்சம் பொடியைச் சாய்த்தார்.

"மாப்ளே... இங்க வா. மருந்து காஞ்சுதான் இருக்கு."

"என்னது?"

"நல்லா மணல் மாதிரி உதிருது. பக்கத்து ஓட்டைதான் அழுக்கு அடைச்சிருக்கு. ஒரு ஊசி விட்டாச் சரியாயிடும்."

"நான் சொல்லல?" வெர்னன் முட்டியை மறந்து எழுந்தார். "இத்தன வருஷமா நான் சொல்லல?"

"சொன்ன, சொன்ன" என்றார் எல்வுட், விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

வெர்னன் கைகழுவப் போனதும் அவர் தங்கைப் பக்கம் சாய்ந்தார். "எத்தன வருஷமா?"

"ஆறு."

"அடிப்பாவி! குண்டை வேற திரும்ப வச்சிருக்க!"

"அவரு காலையில கோலை விட்டுப் பாத்தா குண்டு இருக்கணும்லண்ணே."

6

இன்று மறுபடியும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலையில் ஆர்லீன் வேலியோரம் வந்தார்.

"எங்க கதைக்கு என்ன முடிவு எழுதினீங்க?"

"இன்னும் எழுதல. இந்த வருஷம் என்ன பண்ணப் போறீங்க?"

"முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் ஓடுறாரு. அந்த மான விடமாட்டேங்கிறாரு. அவரு அடிக்கணும்னுதான் எனக்கும் இருக்கு. பயமும் போகல. ரெண்டும் ஒரே வயித்துக்குள்ளதான் கெடக்குது."

இப்போது மாலை. வெர்னன் சுடாமல் இறங்கி வந்தார், கிண்ணியைத் தட்டினார், கொட்டகையில் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு ஆர்லீன் பின்வாசலில் வந்து நிற்கிறார். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. கொட்டகைக்கும் போகவில்லை, உள்ளேயும் திரும்பவில்லை.

எனக்கு இரண்டு பேருமே வேண்டியவர்கள். நீங்கள் வெளியாள். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்:

ஆர்லீன் ஒரு படி இறங்கி,